ஒருமுறைதான் கேட்பார்கள்

அண்ணை,

இன்று காலை தமிழ்க் கடையில் மைசூர்ப் பருப்புப் பை ஒன்றைத் தூக்கினேன். பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், கனடா, சஸ்காச்சுவானில் விளைந்தது என்று போட்டிருந்தது. ஊர்ப் பருப்பு என்று நம்பி இத்தனை வருடம் பெருமையோடு சோற்றில் பிசைந்தவன் நான். அது உங்கள் பிரெய்ரிச் சமவெளிப் பருப்பாம்! நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். "என்ன சிரிப்பு, விலையைப் பாத்தோ?" என்றார் கடைக்காரர்.

மொன்ட்ரியால் டவுன்டவுன் உணவகத்தில் என்னோடு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நீங்கள், அந்தக் கோதுமை வெளிக் குக்கிராமத்துக் கடைக்கு வேலைக்குப் போனதும், ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோயில் வாசலில் செய்தியைப் பரப்பியவன் நான்தான். "அங்கை மாட்டுக்கும் வோட்டு இருந்தால் மாடுதான் மேயர்" என்றேன். ஊர் முகப்பில் சனத்தொகையைப் பலகையில் எழுதி நட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னபோது, மொன்ட்ரியால்-நோரில் நான் இருக்கும் கட்டடத்துச் சனமே அதைவிட அதிகம் என்று அதற்கும் ஒரு கதை கட்டினேன்.

முதல் குளிர்காலத்தில் நீங்கள் மெலிந்துபோனீர்கள். குளிரால் அல்ல, நம்முடைய மரியாதையால். எங்களில் யாரையாவது சாப்பிடக் கேட்டால் "ஐயோ, வேண்டாம்" என்போம். திரும்பக் கேட்டாலும் வேண்டாம். மூன்றாம் முறை தட்டைக் கையில் திணித்த பிறகுதான் பசிக்கும். அந்த ஊர்ச் சனம் ஒருமுறைதான் கேட்கும். வேண்டாம் என்றால் வேண்டாம். ஆளைக் கரைச்சல்படுத்தாமல் விடுவதுதான் அவர்களுடைய மரியாதை.

"கோழி பொரிச்சு முன்னாலை வைச்சவை தம்பி. வேண்டாமெண்டன். உடனை எடுத்துக்கொண்டு போட்டினம்!" என்று தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னீர்கள்.

அதே வாயால்தான் கடையையும் வேண்டாம் என்றீர்கள். கடைக்காரக் கிழவிக்கு ஏலாமல் போய்விட்டது; நீ எடுத்து நடத்துகிறாயா என்று கேட்டா. உங்களுக்கு ஆசையோ ஆசை. "சேச்சே, எனக்கெதுக்கு" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, இரண்டாவது கேள்விக்காக மாப்பிள்ளை வீட்டார் மாதிரிக் காத்திருந்தீர்கள். அவவோ பக்கத்துப் பட்டணத்து ஆளொருவருக்குச் சாமான் அடுக்கும் இறாக்கை, குளிர்பெட்டி எல்லாம் கழற்றிக் கொடுக்கப் பேசிவிட்டா. அந்த ஒரே கடையும் போனால் பாலுக்கும் பாணுக்கும் ஒரு மணித்தியாலம் கார் ஓட வேண்டும். ஓட முடியாத வயதானவர்கள் பிள்ளைகளிடம் போய்விடுவார்கள். ஊர் கரையும். உங்களுக்கும் திரும்ப வெங்காயம்தான்.

"அவ இன்னொருக்காக் கேக்க மாட்டா அண்ணை. ஓடிப்போய் ஓமெண்டு சொல்லுங்கோ."

"நானாப் போய் நிண்டால் ஆசையிலை பறக்கிறன் எண்டு நினைப்பாவெல்லே?"

"பறக்கிறியள்தானே!"

சப்பாத்து மாட்டும் சத்தம், கதவு அடிக்கும் சத்தம். தொலைபேசியை வைக்க மறந்துபோனீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது கழற்ற வந்தவரின் லொறி வாசலில் நின்றதாம். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிழவி அந்த ஆளைத் திருப்பி அனுப்பினாவாம்.

அதற்குப் பிறகு நீங்கள் சுட்ட ரோல்ஸ் பலகாரம் இல்லாமல் அந்த ஊரில் ஒரு ஹொக்கி ஆட்டமும் நடக்கவில்லை என்று கேள்வி. நான் நம்பவில்லை. போன வருடம் உங்களைப் புதைக்க வந்தபோதுதான் நம்பினேன். சேமக்காலையில் ஊர் முழுவதும் நின்றது. கைத்தடிக் கிழவர்களும் நின்றார்கள்; பிள்ளைகளிடம் போகாதவர்கள்.

அங்கே குழியை ஊரவர்களே மூடுவார்களாம். ஒரு விவசாயி மண்வெட்டியை என் பக்கம் நீட்டி, போடுகிறீர்களா என்று கேட்டார். நாங்கள் ஒரு பிடி மண் போட்டுவிட்டு விலகிப் பழகியவர்கள். "இல்லையில்லை, நீங்களே" என்று சொல்ல வாய் திறந்தது. கை முந்திவிட்டது.

இப்போது லவாலில் மச்சாள் வீட்டுக்குப் போனால், "சாப்பிடுறியளோ?" என்று அவ கேட்டதும் "ஓம்" என்கிறேன். அவ திகைத்துப்போய்க் குசினிப் பக்கம் பார்க்கிறா. முதல் கேள்விக்கென்று எங்கள் வீடுகளில் யாரும் சமைத்து வைப்பதில்லை, அண்ணை.