மூன்று கீறல் போட்ட சாவிகள்

என் செல்ல மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீ சுகமா என்று வழக்கமாகக் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை பதில் தெரிந்தேதான் கேட்கிறேன், மெதுவாகப் படி. என் முழங்கால் வானொலியை முந்திக்கொண்டு மழை வருமென்று சொல்கிறது. சமையலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று உன் அண்ணன் இறங்கினான், சொட்டிக்கொண்டிருந்தது இப்போது ஒழுகுகிறது, அண்ணி அவனிடம் பேசுவதை விட்டுக் குழாயிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை அம்மா எனக்கு ஒன்று விடாமல் சொன்னாள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகும் எழுந்திருக்க முடியாமல் நாற்காலியிலேயே நீ இருந்தாயாம், பக்கத்து அறை ஆசிரியை வந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல் உன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அங்கே வேலை செய்கிறவர்களுக்கென்று பல்கலைக்கழகம் வைத்திருக்கும் மனநல ஆலோசகரிடம் உன்னைக் கூட்டிப் போனாளாம். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும், பெற்றவர்கள் எட்டாத தூரத்தில் இருக்கும்போது அவள் கை எட்டியிருக்கிறது. ஆனால் இரண்டாவது தடவை போனபோது வராந்தாவில் உன் மாணவன் ஒருவன் நிற்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டாயாம், அடுத்த வார வியாழக்கிழமையும் போகப்போவதில்லையாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். உன் அம்மாவுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லப்போகிறேன், அவள் பேனாவைக் கீழே போடாமல் இருந்தால் சரி.

பல்கலைக்கழகத்தில் நான் கதவு திறக்கிற வேலை பார்த்தது உனக்குத் தெரியும். எழுத்துத் தெரியாதவன் நாற்பத்திரண்டு சாவியை எப்படி அடையாளம் காண்கிறான் என்று எல்லாரும் கேட்பார்கள். ஒவ்வொரு சாவியின் தலையிலும் அரத்தால் கீறி வைத்திருந்தேன், முதல் கட்டடத்துக்கு ஒரு கீறல், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று, பலகை ஆணிகளில் அறை வரிசைப்படி மாட்டியிருப்பேன், கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே எடுப்பேன். நீ பத்தாவது படித்த வருஷம், என்னோடு அந்த வேலை பார்த்த இருவர் ஓய்வு பெற்றுப் போனார்கள், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை, மூன்று கட்டடமும் என் தலையில் விழுந்தது. இப்போது விட்டுப்போனவர்களின் வகுப்பெல்லாம் உன் தலையில் விழுந்திருக்கிறதே, அதே மாதிரி. சமாளித்துவிடலாம் என்று ஒரு வருஷம் ஓட்டினேன். ஒரு பரீட்சை நாள் காலையில் சாவிப் பலகை முன்னால் நிற்கிறேன், விரலில் கீறலே தட்டுப்படவில்லை, எல்லாம் வெறும் இரும்பாக இருக்கிறது. மொத்தச் சாவியையும் துணிப்பையில் அள்ளிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் போட்டுத் திருகுகிறேன், பின்னால் இருநூறு பிள்ளைகள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் நான் மல்லுக்கட்டியது பரீட்சைக் கூடத்துக் கதவோடு இல்லை, பக்கத்தில் துடைப்பம் வைக்கிற அறைக் கதவோடு. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மா ஓடி வந்தார். கறார் அம்மா என்று நாங்கள் பேர் வைத்திருந்தவர். கூடத்தைத் திறந்து பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு, திரும்பி வந்து என் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தார். "எவ்வளவு நாளாப்பா இப்படி?" என்று மட்டும் கேட்டார். மேலே இருந்தவர்கள் என்னை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னார்களாம். "மூணு ஆள் வேலையை ஒருத்தன் தலையில ஏத்திட்டு நாமதானே பார்த்துக்கிட்டிருந்தோம்" என்று சண்டை போட்டு எனக்கு மூன்று வாரம் விடுப்பு வாங்கித் தந்தார். மனநல மருத்துவரிடம் தானே கூட்டிப் போய், நான்கு தடவையும் வெளியே பெஞ்சில் கோப்புகளை மடியில் வைத்து வேலை பார்த்தபடி காத்திருந்தார். நான் வேலைக்குத் திரும்பியபோது மூன்று கீறல் போட்ட சாவிகள் பலகையில் இல்லை, வேறு ஆளிடம் போயிருந்தன. மாத்திரை என்னைப் பாதி தூக்கி நிறுத்தியது, அந்தக் காலி ஆணிகள் மீதியைச் செய்தன. அதனால் நீ ஆலோசகரிடம் மனசைக் கொட்டிவிட்டு மட்டும் வராதே, உன் துறையில் வகுப்பைக் குறைக்கச் சொல்லியும் கேள். மாணவன் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். என்னை இருநூறு பேர் பார்த்தார்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நேற்று கறார் அம்மாவைப் போய்ப் பார்த்து உன்னைப் பற்றிச் சொன்னேன். கைத்தடியோடு நடந்தாலும் குரல் அப்படியே இருக்கிறது. "வியாழக்கிழமை போகலைன்னா நம்பரைக் குடு, நான் பேசிக்கிறேன்" என்றார். அதற்கு நீ போய்விடுவதே மேல்.

அந்த மூன்று வாரமும் வேலைக்குப் போகிறவன் மாதிரி சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்பினேன். இதைச் சொன்னதும் உன் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறாள். "உங்க கையில சாவி வாசனையே இல்லை. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்" என்கிறாள். இருபத்தாறு வருஷம், மகளே. இதை எழுதாதே என்றேன், எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை, நீ அங்கிருந்து சொல்.

தலை நிமிர்ந்து நட, வயிறாரச் சாப்பிடு, நிம்மதியாகத் தூங்கு. எங்கள் ஆசீர்வாதம் உன் பக்கத்திலேயே இருக்கும். வியாழக்கிழமை போய் வந்ததும் முதலில் அம்மாவுக்குப் போன் பண்ணு. அவள் கேட்கமாட்டாள், காத்துக்கொண்டிருப்பாள். இன்னொரு தடவை அவளைக் காக்க வைக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
(பெருவிரல் ரேகை)