சம்பந்தி வாயைத் திறந்தார்

ஆனி 12, வியாழன் இரவு

மகள் கவிதாவின் கல்யாணப் பேச்சு இன்று காலை முறிய இருந்தது. மாலைக்குள் உறுதியாகிவிட்டது.

மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி இறக்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அப்பா வந்தார். "உங்க அப்பா, அண்ணன் ரெண்டு பேருமே வாய்ல கேன்சர் வந்து செத்துப்போனாங்களாமே. ரத்தத்துலயே வர்றதுன்னா நாங்க யோசிக்கணுங்க" என்றார். நான் சமாதானம் சொன்னால் வியாபாரிப் பேச்சு என்பார். அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடமே அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

"எதிர்ப்பு சக்திக்கான ஜீன் பரம்பரையா வருதுங்க, ஆளுக்கு ஆள் மாறுது. அதனால ஆபத்து கொஞ்சம் கூடலாம், குறையலாம். அதை மட்டும் வச்சு இவரு பொண்ணுக்கு வரும்னு யாரும் சொல்ல முடியாது. புகையிலையும் பாக்குந்தான் பெரிய காரணம்" என்றார் டாக்டரம்மா. பிறகு வெற்றிலை புகையிலையில் சிவந்த சம்பந்தியின் பல்லைப் பார்த்து, "முதல்ல நீங்க வாயைத் திறங்க" என்றார்.

டார்ச் அடித்துப் பார்த்து முடிக்கும்வரை மனுஷன் ஆடவில்லை, அசையவில்லை. ஒன்றுமில்லையாம். அடுத்து நான். பாக்கு அடக்கும் கன்னத்துக்குள் இருந்த எரிச்சலை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். புற்று இல்லை, பாக்கை இன்றே விட்டுவிட்டு மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்.

"பொண்ணு வூட்டைச் சோதிக்க வந்து நான் மாட்டிக்கிட்டேனுங்களே" என்று வழியெல்லாம் சிரித்தார் சம்பந்தி.

பாலக்கோட்டில் டீ குடிக்கும்போதே பேசி முடித்தோம். ஆவணியில் கல்யாணம். அவர் புகையிலையை விட வேண்டும், நான் பாக்கை. யார் முதலில் வாயில் போட்டு அகப்படுகிறாரோ, மண்டப வாடகை முழுதும் அவர் தலையில்.