உன் அறைக்கு ஆள் வந்தாயிற்று

என் தங்க மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகிறேன் என்கிறது. உன் இருமல் விட்டதா, ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே என்றால் நீ கேட்கவா போகிறாய்.

ஓட்டல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் சும்மா இருக்கப் பிடிக்காமல், தங்க இடமில்லாதவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் கூடத்துக்குப் போகிறேன் என்றேன் அல்லவா, அங்கே படுக்கை விரிக்க, குளியலறை துலக்க எல்லாம் நான்தான் டீச்சர். இருப்பது ஒரே கட்டில், ஆளாளுக்குக் கலைத்து விரித்து, பாவம் அது படும் பாடு. கற்றுக்கொள்ள வருகிறவர்களில் ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், வேலை பார்த்த துணிக்கடையை மூடியதும் வாடகை கட்ட முடியாமல் வீடும் போய், பஸ் நிலையத்தில் படுத்துக்கொண்டிருந்தவள். அவள் விரித்தால் ஒரு சுருக்கம் இருக்காது, அதனால் மிலிட்டரி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

போன வாரம் ஒரு ஓட்டல் மேனேஜர் ஆள் எடுக்க வந்தார், ஒரே இடம்தான். மிலிட்டரி கட்டிலை விரித்தாள் பார், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையணையைத் தூக்கினால், கீழே ஒரு ஜோடி ஷூ! விருந்தினருடையது என்று நான் கட்டிலடியில் வைத்திருந்ததை எடுத்து அங்கே செருகியிருக்கிறாள். வெளியில் படுப்பவர்களுக்கு முதலில் திருட்டுப் போவது செருப்புதானாம், தலைக்கடியில் வைத்தே படுத்த பழக்கம், கை தன்னால் செய்துவிட்டது. அவள் முகம் செத்துப்போயிற்று. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்து, "அப்ப எங்க ஓட்டல்ல எதுவும் காணாமப் போகாது, வந்து சேந்துடுங்க" என்றார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், "இப்ப எங்க தங்கியிருக்கீங்க, விலாசம் இல்லாம முதலாளி ஒத்துக்க மாட்டாரே" என்று கேட்டார். மிலிட்டரி சுருக்கமே இல்லாத விரிப்பை மறுபடி நீவினாள். என் வாய் சும்மா இருக்குமா, "எங்க வீட்டுலதான், என் பொண்ணு ரூம்ல" என்று போட்டுவிட்டேன்.

அவள் லேசில் வரவில்லை. "உங்க பொய்க்கு நான் வந்து குடியிருக்கணுமா டீச்சர்" என்று மடக்கினாள். அப்பாதான், "இவ மாட்டிக்கிட்டா எனக்கு யாரு சோறு போடுவா, வந்து காப்பாத்தும்மா" என்று சிரிக்க வைத்து அழைத்து வந்தார். உன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறேன். கேட்காமல் கொடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே, கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாய், பெற்றவளுக்குத் தெரியாதா. அவள்தான் இன்னும் ஒட்டவில்லை. ஃபேன் போடக்கூட என்னைக் கேட்கிறாள், போன் மணி அடித்தால் அறைக்குள் போய்விடுகிறாள். எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நேற்று நானும் அப்பாவும் காய் வாங்கிக்கொண்டு திரும்பினால் போன் அடிக்கிறது, ஓட்டலிலிருந்து விசாரிக்கிறார்கள் போல. அவளே எடுத்து, "ஆமாங்க, வீட்டுலதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவள் எடுத்தாலும் எடுப்பாள். நீங்க யாரு என்று கேட்டுவிடாதே, பதில் தெரியாமல் வைத்துவிடுவாள். வீட்டுல எல்லாரும் எப்படி இருக்கீங்க என்று கேள், அவளே சொல்வாள்.

இப்படிக்கு, வாய் சும்மா இருக்காத
உன் அம்மா