தண்ணீருக்குப் பின்னால் வந்த ஆட்டோ

அன்புள்ள மங்கை அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உங்கள் ஆபீஸ் வித்யாலக்ஷ்மி மேடத்திடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. விளம்பர ஆட்டோவை ஓட்டி வந்த தௌபீக் அண்ணன் காலையில் தஞ்சாவூருக்குக் கிளம்புகிறார். ஸ்கூல் போகிற வழியில் அவரிடம் கொடுத்துவிடுவேன். என் போன் இன்னும் அப்பாவிடம்தான் இருக்கிறது. உன்னோடு பேசினால் பிளஸ் டூவோடு சரி, காலேஜ் கிடையாது என்று அவர் சொன்னது உனக்குத் தெரியும். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஆனால் அக்கா, நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா, "பெரிய கம்பெனி இன்சூரன்ஸ்ல செஞ்ச கண்ணு. சைக்கிள் கடை மாடில உக்காந்திருந்தா யாரு குடுப்பா?" என்று உன் இப்போதைய ஆபீஸைக் குத்திக் காட்டுகிறார். அவர் சொல்வதில் அது ஒன்று நியாயம்.

மற்றதெல்லாம் பெருமை. உன்னைப் பார்க்கச் சென்னைக்கு வந்தபோது அந்தக் கண்ணாடிக் கட்டடத்து வாட்ச்மேன் அவருக்கு சல்யூட் அடித்தானே, அதை இன்னும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாற்பது நாட்டில் ஆபீஸ் இருக்கிற கம்பெனி சென்னை விளம்பர ஏஜென்சியை வாங்கியது, அதில் என் பெண் வேலை பார்க்கிறாள் என்று சொல்லிச் சொல்லித்தான் உனக்கு மயிலாடுதுறைச் சம்பந்தமே பேசினார். நீ அந்த வேலையை விட்டுவிட்டு தஞ்சாவூரில் நாலு பேர் ஏஜென்சியில் சேர்ந்ததும் சம்பந்தம் நின்றது. அதைக் கொண்டுவந்த துரைராசு மாமா, "ஒருத்தரும் கேள்விப்படாத கம்பெனிங்க தங்கையன், பேர எப்படிப் போயி சொல்றது" என்று அப்பாவிடம் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். திரும்ப அங்கேயே சேருகிறவரை நீ இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று அப்பா சொன்னது அன்றைக்குத்தான்.

நீ ஏன் விட்டாய் என்று அவர் கேட்கவே இல்லை. எனக்குத் தெரியும், நீ சொல்லியிருக்கிறாய். போன வருஷம் மேட்டூர் அணை திறந்த அன்று டெல்டா முழுவதும் ஒரே நாளில் அந்த விதைநெல் போஸ்டரை ஒட்ட வேண்டும் என்பது உங்கள் பெரிய ஆபீஸின் திட்டம். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், எங்கள் ஊரில் அப்போது வாய்க்கால் வெடித்துக் கிடக்கும் என்று நீ சொன்னாய். சென்னையில் இருந்தவர் நல்லவர், மும்பையைக் கேட்டார். மும்பையில் இருந்தவரும் நல்லவர், சிங்கப்பூரைக் கேட்டார். சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று பதில் வந்தபோது தண்ணீரே நம் ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டது. "இன்றே நாற்று விடுங்கள்" என்ற போஸ்டரைக் காய்ந்த மதகின் மேல் பார்த்துவிட்டு அப்பாதான் அதிகமாகச் சிரித்தார். "இத எழுதினவன் மேட்டூரப் பாத்திருக்கான், நம்ம ஊரப் பாக்கல" என்றார். மருதையன் மாமாவின் ஆடுகள் அந்த போஸ்டரைத் தின்று தீர்த்தன. அது உன் கம்பெனி ஒட்டியது என்று அம்மாவும் நானும் மூச்சு விடவில்லை.

இந்த வருஷம் பிரகதாம்பாள் விதைநெல்காரர்கள் விளம்பரம் கேட்டு உங்களிடம் வந்ததும் நடந்த மீட்டிங்கை நீ சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உங்க ஊருக்குத் தண்ணி எப்ப வரும் என்று மேடம் கேட்டார். வந்தாதான் தெரியும் என்றாய் நீ. அப்ப வந்தப்புறம் போவோம் என்றார் மேடம். அவ்வளவுதான் மீட்டிங்.

பேச்சுப்போட்டிக்குத் தஞ்சாவூர் வந்த அன்று நான் அப்பாவுக்குத் தெரியாமல் உன் ஆபீசுக்கு வந்தேனே. கீழே சைக்கிள் கடையில் ரிம்மைத் தட்டுகிற சத்தம் சாப்பாட்டு நேரத்தில் ஓயட்டும், அப்புறம் என் குரலை ரெக்கார்ட் பண்ணலாம் என்று காத்திருந்தோம். நான் மேடைப்பேச்சு மாதிரி முழங்கினேன். நீ காதைப் பொத்திக்கொண்டாய். வரப்பில் நின்று அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவாயே, அந்த மாதிரி சொல்லு என்றாய். சொன்னேன். அந்தப் பாழாய்ப்போன யோசனைதான் அக்கா என்னை மாட்டிவிட்டது.

நேற்று விடியற்காலையில் தண்ணீர் வந்தது. நுரையும் குப்பையும் தள்ளிக்கொண்டு நம் மதகுக்கு வந்தது. இன்று தௌபீக் அண்ணனின் ஆட்டோ வந்துவிட்டது. நீடாமங்கலத்திலிருந்தே தண்ணீருக்குப் பின்னாலேயே ஊர் ஊராக வருகிறாராம். தண்ணீர் ஒரு ஊரில் நின்றால் அவரும் அங்கேயே நின்று டீ குடிப்பாராம். நான் ஸ்கூல் விட்டு வந்துகொண்டிருந்தேன். அப்பா வயலில் குனிந்து தண்ணீர் பாய வாய்மடை வெட்டிக்கொண்டிருந்தார். ஊரே வாய்க்கால் கரையில் நின்றது. அப்போது மைக்கில் என் குரல்: "தண்ணி வந்தாச்சு, வாங்க, நேரமாச்சு."

அப்பா நிமிரவே இல்லை. மண்வெட்டியைக்கூட வைக்கவில்லை. எப்போதும் போல, "தோ வரேன்" என்று சத்தமாகச் சொன்னார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அப்புறம் கரை முழுவதும் சிரிப்பு. மருதையன் மாமா, "ஏய் தங்கையா, ஒம் பொண்ணு சோத்துக்குக் கூப்புடல, வெதைக்குக் கூப்புடுறா" என்றார். அப்பா நிமிர்ந்து முதலில் ஆட்டோவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஆட்டோவைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தண்ணீர் பிந்தினாலும் வெள்ளாமை எடுக்கிற குறுகிய நாள் விதை என்று நீ எழுதியிருந்தாயே, அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்கள். நமக்குன்னு இப்பத்தான் ஒருத்தன் நாள் பாத்து வந்திருக்கான் என்று யாரோ சொன்னார்கள். அப்பா சேற்றுக் காலோடு வந்து, இது யாரு போட்டது என்று கேட்டார். தௌபீக் அண்ணன் பயந்துபோய் உன் பேரும் நம்பரும் போட்ட ஆபீஸ் அட்டையைக் கொடுத்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இதைக் கேள். துரைராசு மாமா மெதுவாக அவர் பக்கத்தில் வந்து, "ஒங்க பெரிய பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லி எனக்கு ரெண்டு மூட்டை எடுத்துவைக்கச் சொல்லுங்களேன்" என்றார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமலே, "வரிசைல நில்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் காலைக் கழுவிவிட்டு நேராகச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடும்போது, அப்ப போன வருஷம் அந்தக் கூறுகெட்ட போஸ்டர ஒட்டினது யாரு என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எல்லாம் ஒங்க நாப்பது நாட்டுக் கம்பெனிதான். அவ வேணாம் வேணாம்னு சொல்லியிருக்கா, யாரு கேட்டா" என்றாள். அப்பா ரசத்தோடு எழுந்துவிட்டார். மோர் கேட்கவில்லை. கூடத்தில் இன்னும் விளக்கு எரிகிறது.

எனக்கு என்ன நடக்குமோ தெரியாது. காலேஜ் போனாலும் போகட்டும் என்று எழுத நினைத்தேன், எழுத வரவில்லை. காலேஜ் கைவிட்டுப் போகக் கூடாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. கொல்லைப்பக்கமாக வராதே. தௌபீக் அண்ணன் ஆட்டோவில் முன்னால் உட்கார்ந்துகொண்டு, மைக்கோடு, வாசல் வழியாக வா. நீ வரும்வரை நான்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"குந்தவை, தூங்கிட்டியா? இந்த அட்டையில உள்ள நம்பர இந்நேரத்துக்கு எடுப்பாளா?" என்கிறார். அக்கா, போனை எடு, எடுத்துவி