விரல் நுழையும் இடைவெளி

பிப்ரவரி 6

அன்புள்ள நெருப்புக்கு,

ஸ்கேல் அண்ணன் எழுதுவது. நலம். ஜெயிலில் இருப்பவனிடம் நலம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. சொல்ல வேண்டியவை மூன்று என்று தாளில் குறித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

முதலாவது, உன் தம்பி மனைவி தையல் கடையில் சேர்ந்துவிட்டாள். "பெரியவர் வெளியே வர்ற வரைக்கும் எப்படியாவது ஓட்டிடுவேன் அண்ணே" என்றாள். செத்துப்போன நம் சின்னவனின் சட்டைகளை இன்னும் துவைத்து மடித்து வைக்கிறாளாம்.

இரண்டாவது, சின்னவன் ஓட்டிய தண்ணீர் லாரியின் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். நீ வீல் ஸ்பேனரால் உடைத்த முழங்கால் இரண்டும் ஒன்றரை வருடமாகியும் சேரவில்லை. கக்கூஸுக்கு இரண்டு பேர் தூக்கிப் போகிறார்கள். இது போதும் என்று உனக்குத் தோன்ற வேண்டும்.

என் வீட்டுக்கு நீ அடித்துக் கொடுத்த இரும்புக் கதவின் தாழ்ப்பாள் தளர்ந்து, காற்றடித்தால் கடகடக்கிறது. அதன் நட்டை இரண்டு சுற்று திருகினால் சரியாகும். ஏனோ ஸ்பேனரைத் தொடக் கை வரவில்லை.

மூன்றாவது மறந்துவிட்டது.

அன்புடன்,
ஸ்கேல்


பிப்ரவரி 19

அன்புள்ள ஸ்கேல் அண்ணனுக்கு,

அரை மில்லிமீட்டரை மறக்காத ஆளுக்கு மூன்றாவது மறந்துவிட்டதா? வயதாகிவிட்டது அண்ணே, உங்கள் ஸ்கேலிலும் கோடு அழிகிறது.

போன வாரம் சாப்பாட்டு வரிசையில் ஒருவன், "உன் தம்பிக்குப் பிரேக் போடத் தெரியாதாமே?" என்றான். அவன் முன்பல் இரண்டும் தட்டில் விழுந்தன. பதிலுக்கு எனக்கு விலாவில் மூன்று எலும்பு. கணக்கு சரி.

போதும் என்கிறீர்கள். குவாரி இறக்கத்தில் டேங்க், பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீரோடு பிய்த்துக்கொண்டு முன்னால் வந்து கேபினைச் சப்பையாக்கியது. சின்னவனைத் தகரத்தை வெட்டித்தான் வெளியே எடுத்தார்கள். கேஸ் கட்டரைப் பிடித்தவன் நான். என் கை அவன் காதிலிருந்து நாலு அங்குலத்தில் இருந்தது. எனக்குப் போதுமா?

அங்கேயே பார்த்தேன். டேங்கை வண்டியோடு பிடித்திருக்கும் முன்கால் ஸ்பிரிங் நான்கும் கம்பியோடு கம்பி ஒட்டிக் கிடந்தன. உங்கள் வரைபடத்தின்படி என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விட்டுப் பூட்டியவன் நான். குழியில் சக்கரம் இறங்கினால் வண்டியின் அடிச்சட்டம் முறுகும், டேங்க் முறுகாது, நடுவில் ஸ்பிரிங்தான் விட்டுக்கொடுக்கணும், இல்லாவிட்டால் போல்ட் அறுந்துவிடும் என்று கற்றுக்கொடுத்தவர் நீங்கள். அந்தப் பாவி முதலாளி எந்தத் தெருக்கடையிலோ கொடுத்து நட்டை இறுக்கியிருக்கிறான்.

நான் அடித்தபோது என்ன சொன்னான் தெரியுமா? "உங்க கிழவன்தான்யா இறுக்கினான்!" என்று அலறினான். ஒரு முழங்காலோடு விட்டிருப்பேன். இரண்டாவது, உங்கள் மேல் பழி போட்டதற்கு.

இங்கிருந்து போகும் கடிதத்தை வார்டர் படிப்பார் என்பதால் தொழில் பாஷையில் சொல்கிறேன். ஒரு பக்கம்தான் வெல்டிங் ஆகியிருக்கிறது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி விடுதலை. வந்த கையோடு மறுபக்கத்தையும் முடித்துவிடுவேன்.

உங்கள்
நெருப்பு


மார்ச் 2

அன்புள்ள நெருப்புக்கு,

விலாவுக்குக் கட்டுப் போட்டார்களா? படுக்கும்போது அடிபடாத பக்கமாகப் படு.

உன் தொழில் பாஷை புரிந்தது. மறுபக்கம் என்பது அவர் உயிர். நான்கு நாட்களாகச் சோறு இறங்கவில்லை. ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன்: அந்த நட்டுகளைத் திருகியவர் வேறு யாராவதாக இருந்தால்? கெட்ட எண்ணம் இல்லாமல், யாருக்கோ பயந்து செய்தவராக இருந்தால்? சரியாகக் கேட்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை. யோசித்து எழுது.

அன்புடன்,
ஸ்கேல்


மார்ச் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

யோசிக்க ஒன்றும் இல்லை. பயந்தவன் கையும் கைதான். திருகிய கை எதுவோ, அதை மணிக்கட்டோடு எடுப்பேன். நீங்கள் ஈ எறும்புக்கும் இரக்கப்படுகிறவர். "அவர்" "அவர்" என்று அந்த முதலாளிக்கு மரியாதை வேறு! நீங்கள் வளைத்து வளைத்துக் கேட்டால் அவன் தப்பிவிட மாட்டான். இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

உங்கள்
நெருப்பு


மார்ச் 22

அன்புள்ள நெருப்புக்கு,

முதல் கடிதத்தில் மறந்துவிட்டது என்று எழுதிய மூன்றாவது செய்தி இதுதான். நான்தான் இறுக்கினேன்.

நீ பல் பிடுங்கப் போயிருந்த செவ்வாய்க்கிழமை முதலாளி வண்டியோடு நம் பட்டறைக்கு வந்தார். "டேங்க் ஆடுது, டங்கு டங்குனு சத்தம். இதுக்குப் பேரு வேலையா?" என்றார். "அது கொஞ்சம் ஆடத்தாங்க வேணும்" என்று ஒரு முறை சொன்னேன். என் சட்டையைப் பிடித்து டேங்கோடு சாய்த்து அறைந்தார். கண்ணாடி கீழே விழுந்தது, அதை மிதித்தார். "படிச்ச கிழவா, ஆட்டத்தை நிறுத்துறியா, உன் ஆட்டத்தை நிறுத்தவா?" என்றார். இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. வாயில் ரத்தத்தோடு ஸ்பேனரை எடுத்தேன்.

நான்கு நட்டு. ஒவ்வொன்றும் நான்கு சுற்று. எண்ணிக்கொண்டே திருகினேன், அது என் பழக்கம்.

சின்னவன் பக்கத்தில் நின்றிருந்தான். "அண்ணே, அது எங்கண்ணன் விட்ட இடைவெளியாச்சே, கேக்காம இறுக்கலாமா?" என்றான். அடி வாங்கியதை அவன் பார்த்துவிட்ட வெட்கம் எனக்கு. "உனக்கென்னடா தெரியும், போய் வண்டியை எடு" என்றேன். அவனிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அது.

அன்று நோட்டில் எழுதினேன்: 'நாளை தளர்த்தவும்.' மறுநாள் வண்டி வரவில்லை. போய்ப் பார்த்திருக்கலாம். போனால் மறுபடியும் அறைவாரோ என்று போகவில்லை. பதினோராம் நாள் செய்தி வந்தது. அந்தக் குறிப்பு டிக் அடிக்காமல் அப்படியே இருக்கிறது.

முதலாளி அன்று வண்டியோடு வந்தாரா என்று நீதிமன்றத்தில் கேட்டபோது ஞாபகமில்லை என்றேன். முதலாளி உன்னிடம் அலறியது உண்மை. அவர் முரடர். ஆனால் அந்த ஸ்பிரிங் எதற்கு என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவருடைய இரண்டாவது முழங்காலையும் நான்தான் உடைத்திருக்கிறேன்.

இதன் நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டேன். கூப்பிடும்போது வரச் சொல்லியிருக்கிறார்கள். உன் தம்பி மனைவியிடமும் சொன்னேன். அவள் தையலை நிறுத்தவில்லை. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. வாசலில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி வேறெங்கும் போகாதே. நேராக என் வீட்டுக்கு வா. கதவைத் தாழிட மாட்டேன். கதவுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உட்கார்ந்திருப்பேன்.

ஸ்கேல்


ஏப்ரல் 4

கடிதம் வந்தது. இதைப் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுதுகிறார். படித்த அன்று சுவரைக் குத்தியதில் என் வலது கை விரல்கள் மூன்று உடைந்துவிட்டன. நான்கு பேர் மேலே உட்கார்ந்துதான் என்னை அடக்கினார்கள்.

முதலாளியிடம் போக மாட்டேன். அந்தப் பேச்சு முடிந்தது.

ஒன்பதாம் தேதி உங்களிடம்தான் வருவேன். வராமல் இருக்கப் பார்த்தேன், முடியாது. கதவைத் தட்டுவேன். உதைப்பேன். அழுதாலும் அழுவேன். அண்ணே என்று கூப்பிட்டாலும் நம்பித் திறக்காதீர்கள். அது நான் அடித்த கதவு, என்னாலும் உடைக்க முடியாது. விடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். அதன்பிறகு நீங்கள் யாரோ, நான் யாரோ.

ஸ்பேனரை எடுத்துத் தாழ்ப்பாளை இறுக்குங்கள். கொஞ்சம்கூட இடைவெளி விடாதீர்கள்.

(இடது கைப் பெருவிரல் ரேகை)