பார்மாவுக்குப் போ, ஹெலெத்

ட்ரெகாரன், வேல்ஸ்
திங்கள்கிழமை

அன்புள்ள ஹெலெத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆடுகள் ஈன்றுகொண்டே இருக்கின்றன, மழையும் விட்டபாடில்லை. தபாலில் போட்டால் அதற்குள் நீ மூட்டை கட்டிவிடுவாய். அதனால் கார்டிஃபில் உன் பயிற்சி முகாம் பக்கம் போகும் மாட்டு டாக்டர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். நீ அழுதால் என் வாய் "வந்துடு" என்றுதான் சொல்லும். நேற்றும் அப்படித்தான் சொன்னது.

குழந்தை நெஸ்டைத் தூக்கிக்கொண்டு போய், இங்கிலாந்து ஆட்டத்தைக் கத்ரின் அக்கா வீட்டில் பார்த்தோம். கோட்டுக்கு வெளியிலிருந்து நீ உள்ளே வீசிய பந்துகள் எதிரணி கைக்கே போனதையும், பாதியிலேயே உன்னை வெளியே அழைத்துவிட்டதையும் பார்த்தேன். பார்மாவில் நடக்கும் இத்தாலி ஆட்டத்துக்கு நீ மாற்று ஆட்டக்காரிதான் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். "இது பிள்ளை பெத்த உடம்பு, கெத்தின். எட்டு மாசக் குழந்தையை விட்டுட்டு பெஞ்சுல உட்காரவா வந்தேன்?" என்று போனில் கேட்டாய்.

இப்போது யோசித்துச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில், "இனிமே பையன்களோட ஆடக்கூடாது" என்று உன்னைக் களத்திலிருந்து அனுப்பினார்கள். பெண்கள் ரக்பி அணி என்று ஒன்று நம் பக்கம் வருவதற்குள் உனக்கு இருபது வயதாகிவிட்டது. நாட்டு அணியின் சிவப்புச் சட்டை கிடைத்த மறு வருடமே முழங்கால் போயிற்று. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆடுகளுக்குப் பின்னால் நடந்தாய், எதையும் பார்க்காமலே. கூப்பிட்டால் திரும்புவாய், அவ்வளவுதான். அந்த ஹெலெத்தோடு இன்னொரு முறை குடித்தனம் நடத்த எனக்குத் தெம்பில்லை.

மதுக்கடையில் கிழவர் இட்வல், "என்னப்பா, பொண்டாட்டி பந்து பின்னால ஓடுறா, நீ பால்புட்டி கழுவுறியாமே?" என்றார். "அவ ஆடுறா, நான் கழுவுறேன். உங்க வீட்ல ரெண்டுமே நடக்கலையே!" என்றேன். அவர் மனைவிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. நெஸ்டுக்குக் காய்ச்சல் வந்து போனது; கத்ரின் அக்காதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். இப்போது புட்டிப்பால் நன்றாகக் குடிக்கிறாள். நேற்று கத்ரின் அக்காவையே அம்மா என்று நினைத்து "மாம்" என்றாள். அக்கா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, கொட்டகைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

இதைப் படித்ததும் உனக்கு ஓடிவரத் தோன்றும். வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துரத்தப்பட்டவளாக வராதே. பார்மாவுக்குப் போ. பெஞ்சிலாவது உட்கார்.

வாசலைப் பார்த்துக்கொண்டே வராதே என்று எழுதும்,
உன் கெத்தின்


பார்மா, இத்தாலி
ஞாயிறு காலை

அன்புள்ள கெத்தினுக்கு,

உன் கடிதம் வந்தபோது பெட்டியை மூடிவிட்டிருந்தேன். படித்துவிட்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் அறைத்தோழி டெலித், "ஊருக்கா, பார்மாவுக்கா? சீக்கிரம் சொல்லுடி. போறதுன்னா உன் ஜன்னலோரக் கட்டில் எனக்கு" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலை விட்டுக்கொடுக்கவில்லை.

நேற்று ஆட்டத்தில் கடைசி இருபது நிமிடம் என்னை ஆடவிட்டார்கள். தோளோடு தோள் முட்டித் தள்ளும் முதல் ஸ்க்ரமில் எதிரணி எங்களைத் தள்ளிய தள்ளில் மூச்சே நின்றது. அடுத்ததில் எதிரே முட்டி நின்றவளின் கால் வழுக்குவது என் தோளுக்குத் தெரிந்தது. நான் வீசியதில் ஒன்று தவறியது. மற்றதெல்லாம் டெலித் கைக்கே போயிற்று. ஒருமுறை எல்லோருமாகத் தள்ளிக்கொண்டே போய்ப் பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் வைத்துப் புள்ளி எடுத்தோம். அப்படியும் இரண்டு புள்ளியில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்த பிறகுதான் கவனித்தேன். பால் கசிந்து சட்டை நனைந்திருந்தது. கேமராவோடு ஒருவர் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். எனக்கெதிரே முட்டி நின்றாளே, ஒட்டாவியா, அவள் தன் மேலங்கியை என்மேல் போர்த்தினாள். பிறகு இரண்டு விரலைக் காட்டி, "எனக்கு ரெண்டு குழந்தை" என்றாள். அவள் தோளிலேயே அழுதேன். தோற்றதற்கு அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அடுத்த ஆட்டம் பற்றிப் பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தொடர் முடியும்வரை இருக்கிறேன், பெஞ்சிலானாலும் சரி. புதன்கிழமை இரண்டு நாள் விடுமுறையில் வருகிறேன். வெள்ளிக்கிழமை திரும்பிவிடுவேன். இன்று கார்டிஃப் போனதும் இதையும் ஊர்ப்பக்கம் வருபவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், எனக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடும்.

நெஸ்ட் அப்படிக் கூப்பிட்டால் திருத்த வேண்டாம் என்று அக்காவிடம் சொல். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் ஒருத்தி இருந்தாளே.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். புதன்கிழமை நான் தூக்கும்போது, முகம் தெரியாமல் அவள் வீறிட்டு அழலாம். அப்போது என் கையிலிருந்து அவளை வாங்கிவிடாதே. அழட்டும். நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் ஹெலெத்