அண்ணி பிரித்துப் பார்த்த கூரை

என் ஆசை அண்ணா,

நம் வீட்டுக்கு இன்றைக்குக் கூரை இல்லை. பிள்ளையார்பாளையத்தில் நம் தெரு வழியாகப் போகிறவர்கள் எல்லாம் ஒரு நிமிடம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். நான் எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் முதலில் யாரைத் திட்டியிருப்பாய்? என்னையா, அண்ணியையா?

யாரைத் திட்டுவதானாலும், நடந்ததைக் கேட்டுவிட்டுத் திட்டு.

போன ஐப்பசியில் குரங்குகள் உடைத்துப் போட்ட ஓடுகளை மாற்ற நீ மேலே ஏறினாய். கோயிலைச் சுற்றி இருக்கிற தெருக்களில் குரங்கும் இருக்கும், உடைந்த ஓடும் இருக்கும். வருடக்கணக்காக நீ செய்த வேலைதான் அது. அன்றைக்குப் பின்பக்கச் சரிவில் உருண்டு கொல்லையில் துணி துவைக்கிற கல்மேல் விழுந்தாய். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன்பே போய்விட்டாய். ஈர ஓட்டில் கால் வழுக்கிவிட்டது என்று தெருவே சொன்னது. நாங்களும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னோம்.

அந்த மூலையில் யாரோ ஒரு தார்ப்பாயைப் போட்டுக் கட்டினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் ஏறவில்லை. தறிக்கூடத்தில் வேறு இடங்களிலும் ஒழுக ஆரம்பித்தது. அண்ணி ஒழுகாத பக்கமாகத் தன் தறியை நகர்த்திப் போட்டுக்கொண்டு நெய்தார்.

நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். அந்தக் கூரை எனக்கு வேண்டாம். உன்னைத் தின்ற கூரையின் கீழே எப்படிப் படுப்பது? உன் மகள் நிவேதா கான்கிரீட் தளம் போடலாம் என்றாள். பார்க்க வந்த இன்ஜினியர், இந்தப் பழைய சுவர்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். அப்படியானால் தகர ஷீட் போடலாம் என்றேன். நான் வேலை செய்கிற ஒரகடத்தில் எங்கே திரும்பினாலும் ஷீட் கூரைதான். குரங்கு குதித்தாலும் உடையாது, யாரும் மேலே ஏற வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கம்பெனி பஸ்ஸில் வரும்போதே காண்ட்ராக்டரிடம் பேசி முடித்துவிட்டேன்.

அண்ணி எதுவும் சொல்லவில்லை. சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். நீ போனதிலிருந்து அவர் எதற்குமே பதில் சொல்வதில்லை, அண்ணா. சோறு போட்டால் சாப்பிடுவார், தறியில் உட்காருவார், எழுந்திருப்பார். அழுதுகூட நான் பார்க்கவில்லை. பெரியம்மா வீட்டுப் பக்கம் அதையும் ஒரு குறையாகப் பேசினார்கள்.

ஷீட்டுக்கு நீலமா பச்சையா என்று நான் கேட்ட அன்றைக்குத்தான் அண்ணி வாயைத் திறந்தார். "ஷீட்டு போட்ட வீட்ல தறி எப்படி ஓடுதுன்னு உச்சி வெயில்ல போய்ப் பாத்துட்டு அப்புறம் கலர் சொல்லு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஐயம்பேட்டைக்குப் போனோம். அண்ணியின் தம்பி வீடு. வெயில் இறங்குகிற வரைக்கும் அங்கே தறியை நிறுத்திவிடுகிறார்களாம். பட்டு இழை காய்ந்துபோய் அறுந்துகொண்டே இருக்கிறது என்று தம்பி மனைவி சொன்னாள். நான் தறிப் பலகையில் உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கு மேல் யாரோ அடுப்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. சிறிது நேரத்திலேயே வாசலுக்கு ஓடி வந்துவிட்டேன்.

ஆனாலும் நான் விடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "இழை அறுந்தா முடிச்சு போட்டுக்கலாம் அண்ணி. ஆளு போனா என்ன பண்றது?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ என்று ஊர் வந்து சேருகிற வரைக்கும் எனக்கு உறுத்தியது.

மறுநாள் காலையில் ஜாபர் பாயைக் கூப்பிட்டு வந்தது அண்ணிதான். நம் தெருவில் பாதி வீடுகளுக்குக் கதவும் கூரையும் செய்த ஆசாரி அவர், உனக்குத் தெரியாதா. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தவர், தார்ப்பாயைப் பிரிக்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். அவர் ஏணியில் கால் வைப்பதற்குள் அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"நான் பாக்கறேன் பாய். அந்த இடத்த நான்தான் பாக்கணும்."

பாய் என்னைப் பார்த்தார். இரண்டு பேருமாக ஏணியைப் பிடித்துக்கொண்டோம். அண்ணி மேல்படியில் நின்று கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை விலக்கினார். ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் அடுக்கினார். பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

இறங்கி வரும்போது அவர் கையில் ஒரு மரத்துண்டு இருந்தது. ஓடுகள் உட்காருவதற்குக் குறுக்கே அடித்திருக்கிற ரீப்பர் சட்டம். வெளியே மரம் மாதிரி இருந்தது, உள்ளே முழுக்கக் கரையான் மண். பாய் அதை வாங்கி விரலால் அழுத்தினார், பொடியாக உதிர்ந்தது. அவரும் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். உன் கால் இருந்த இடத்தில் சட்டம் இரண்டாக முறிந்து கிடக்கிறது என்றார். "வழுக்கலம்மா. கால் வெச்ச மரம் உடைஞ்சிருக்குது. காய்ஞ்ச வெயில்ல ஏறியிருந்தாலும் இதான் நடந்திருக்கும்."

அண்ணி கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சொன்னார்.

"ஈரம் காஞ்சப்புறம் ஏறுறேன்னுதான் அவரு சொன்னாரு. தறி மேல சொட்டிக்கினு இருக்குது, இப்பவே ஏறுங்கன்னு நான்தான் வெரட்டினேன். ஈரத்துல ஏத்திவிட்டு நானே கொன்னுட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் வசந்தி. இத்தன நாளும்."

அன்றைக்குத்தான் அவர் அழுதார், அண்ணா. பாய் வெளியே போய் நின்றுகொண்டார். நான் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, இதை எப்படி நான் தெரிந்துகொள்ளாமல் இருந்தேன்? அவர் அவசரப்படுத்தியது உனக்கு ஒரு கோபமாகவாவது இருந்திருக்குமா? இருந்திருக்காது. சிரித்துக்கொண்டேதான் ஏறியிருப்பாய்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததும் அண்ணி பேசியது பழைய குரலில். நீ பயப்படுவாயே, அந்தக் குரல். ஓடுகள் நன்றாக இருக்கின்றன, மரம்தான் போய்விட்டது, எல்லாவற்றையும் இறக்கிவிட்டு இரும்புக் குழாயில் சட்டம் அடித்து அதே ஓட்டைத் திரும்பப் போடலாம் என்றார். மறுபடியும் ஓடா என்று கேட்டேன். எனக்குப் பயம் போகவில்லை.

"அவர கொன்னது ஓடு இல்ல. நாம பாக்காம விட்ட மரம். இனிமே பாக்கலாம். நாள் முழுக்க அதுக்கு அடியில உக்காரப் போறது நான்மா, எனக்கு இதான் வேணும்."

சரி என்றேன். ராத்திரி படுக்க மட்டும் வருகிற நான் அதற்கு மேல் என்ன சொல்வது? காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு ஷீட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் முணுமுணுத்தார், கேட்டுக்கொண்டேன்.

ஆனால் நானும் ஒரு நிபந்தனை போட்டேன். எங்கள் கம்பெனியில் உயரத்தில் ஏறுகிறவர் இடுப்பில் பெல்ட்டும் கயிறும் இல்லாமல் ஏறினால் வேலையையே நிறுத்திவிடுவார்கள். நம் கூரைக்கும் அதே சட்டம்தான் என்றேன். முகட்டோரமாக ஒரு நடைபலகை, கயிறு மாட்டக் கெட்டியான இரும்பு வளையங்கள், இவை இல்லாமல் ஒரு ஓடுகூட மேலே ஏறக் கூடாது. பாயின் ஆட்கள் முதலில் சிரித்தார்கள். ஓட்டு வேலைக்கு யாரும்மா பெல்ட் போடுவாங்க என்றார்கள். நிவேதா பெல்ட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட்டு, போட்டால்தான் ஏணி என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். இப்போது எல்லோரும் போட்டிருக்கிறார்கள்.

சட்டம் நேற்று முடிந்தது. இன்றைக்கு ஓடு ஏறுகிறது. இந்த வரியை எழுதும்போது உன் மனைவி பெல்ட்டுக் கயிற்றை வளையத்தில் மாட்டிக்கொண்டு நடைபலகைமேல் நின்று ஓடு வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறார். பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு, கீழே இறங்கச் சொல்லு என்று பெரியப்பா என்னிடம் வந்து நின்றார். அண்ணி மேலேயிருந்தே பதில் சொல்லிவிட்டார். "குரங்கு உடைச்சா நாளைக்கு நான்தான் மாத்தணும் மாமா. இன்னிக்கே கத்துக்கறேன்." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மழை இறங்குவதற்குள் முடித்துவிடுவோம். குரங்குகள் வரும், ஓடு உடையும், யாராவது ஏறத்தான் வேண்டும். வருடம் ஒருமுறை ஒவ்வொரு ஓடாகத் தூக்கிப் பார்ப்போம். ஈரம் காயும்வரை எவ்வளவு சொட்டினாலும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு காத்திருப்போம். இந்த வீட்டில் இனி ஒருவரும் தனியாக மேலே போக மாட்டார்கள். பாயின் ஆட்கள் போன பிறகு, அண்ணி ஏறும்போதெல்லாம் கயிற்றின் மறுமுனை என் கையில் இருக்கும். விட மாட்டேன், அண்ணா.

உன் தங்கச்சி,
வசந்தி